மூன்றாவது மார்கழியிலும் எங்கள் மாடி வெந்நீர்

மாடியில் வைக்கும் சோலார் வெந்நீர்க் கருவி வாங்கப் போனபோது, விலையைச் சொல்வதற்கு முன் ஒரு கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி, "உங்கள் வீட்டில் என்ன தண்ணீர்?" என்பதுதான். அதற்கு முன் ஏறி இறங்கிய இரண்டு கடைகளில் இதை யாரும் கேட்கவில்லை. திண்டுக்கல்லின் ஓரத்தில் இருக்கும் எங்கள் வீட்டில் ஆழ்துளைக் கிணற்று நீர்தான். புதுப் பாத்திரத்தில் ஒரு வாரம் காய்ச்சினால் அடியில் வெள்ளையாகப் படிந்துவிடும். அதைச் சொன்னதும், தாமிரக் குழாய் பதித்த தட்டை வகை வேண்டாம் என்றார். அந்தக் குழாய்கள் மெல்லியவை. உப்பு அடைத்துக்கொண்டால் சுத்தம் செய்வது பெரும்பாடு. அதனால் கண்ணாடிக் குழாய் வகையை எடுத்தோம். 200 லிட்டர் தொட்டி, 20 குழாய்கள், பொருத்துகூலியோடு 31,500 ரூபாய். வாங்கியபின் வரும் மூன்றாவது மார்கழி இது.

"சோலார் போட்டுவிட்டீர்களே, இனி கரண்ட் பில்லே வராதா?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். பலருக்கும் இந்தக் குழப்பம் இருக்கிறது. இந்தக் கருவி மின்சாரம் தயாரிப்பதில்லை. மாடியில் போடும் சோலார் தகடு வெளிச்சத்தை மின்சாரமாக்குகிறது. அதை வாட் கணக்கில் விற்பார்கள். இதுவோ வெயிலை நேரே சூடாகத் தண்ணீரில் இறக்குகிறது. இதற்கு லிட்டர் கணக்கு. நல்ல தகடுகூட வெயிலில் ஐந்தில் ஒரு பங்கை ஒட்டித்தான் மின்சாரமாக்கும். இதில் பாதிக்கு மேல் தண்ணீரில் சேர்ந்துவிடும். வெந்நீர்தான் தேவை என்றால் இதுவே சிக்கனம்.

ஒவ்வொரு குழாயும் இரண்டடுக்குக் கண்ணாடி. இடையில் இருந்த காற்றை உறிஞ்சி எடுத்திருப்பார்கள், பிளாஸ்க்கில் இருப்பதைப் போல. உள் கண்ணாடியின் கருநிறப் பூச்சு சூட்டைப் பிடிக்கிறது. வெற்றிடம் அதை வெளியே விடுவதில்லை. சூடேறிய நீர் லேசாகித் தானே தொட்டிக்கு ஏறும், குளிர்ந்த நீர் கீழே இறங்கும். மோட்டார் கிடையாது. இதை முதலில் கேட்டபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன். மாலை 6 மணிக்கு 61 டிகிரி, மறுநாள் காலை 5 மணிக்கு 54 டிகிரி. என் அத்தைக்கு 76 வயது. மார்கழியில் 5 மணிக்குக் குளித்துவிட்டுத்தான் வாசலில் கோலம் போடுவார். மூட்டுவலியோடு பச்சைத் தண்ணீரில் குளித்துக்கொண்டிருந்தவர் அவர். இதற்காக மட்டுமே இந்தப் பணம் தகும்.

மிச்சமாகும் மின்சாரத்தைக் கூட்டிச் சொல்லக்கூடாது. 200 லிட்டரை 30 டிகிரி உயர்த்த ஏறத்தாழ 7 யூனிட் வேண்டும். ஆனால் எங்கள் வீட்டில் நான்கு பேர் செலவழிப்பது பாதித் தொட்டிதான். ஆகவே நாளுக்கு 3 யூனிட் சொச்சம் என்பதே நேர்மையான கணக்கு.

மனம் நொந்த இடம் குழாய் வேலை. பொருத்த வந்தவர்கள் மாடியிலிருந்து கீழ்த்தளக் குளியலறைவரை 60 அடி குழாயை எந்த உறையும் சுற்றாமல் இழுத்துவிட்டார்கள். தினமும் காலையில் அரை வாளி குளிர்ந்த நீர் வந்த பிறகுதான் சூடு வருகிறது. பிறகு உறை சுற்றினேன். பகலில் பரவாயில்லை, இரவெல்லாம் குழாயில் நின்ற நீர் ஆறத்தான் செய்கிறது. அந்த அரை வாளியைக் கருவேப்பிலைச் செடிக்கு ஊற்றுகிறோம். குளியலறைக்கு நேர் மேலே தொட்டியை வைக்க இடமிருந்தால் அங்கேயே வையுங்கள்.

சென்ற ஆண்டு உப்பை நீக்க வந்தவர் குழாய்களைக் கழற்றிக் கழுவி, மறுபடி மாட்டி, உச்சி வெயிலில் தண்ணீரைத் திறந்துவிட்டார். வெறும் குழாய் வெயிலில் 200 டிகிரிக்கு மேல் காயும். பச்சைத் தண்ணீர் பட்டதும் இரண்டு குழாய்கள் படாரென்று வெடித்தன. செலவு 900 ரூபாய். அவர் கையில் கண்ணாடி குத்தாமல் போனதுதான் ஆறுதல்.

ஐப்பசி, கார்த்திகையில் மூடாக்கு தொடர்ந்தால் மூன்றாம் நாள் வெதுவெதுப்புதான். தொட்டிக்குள்ளேயே மின்சாரத்தில் சூடாகும் கம்பி வைத்துத் தருவதாகக் கடையில் சொன்னார்கள், மறுத்துவிட்டேன். ஒரு வாளி வெந்நீருக்காக 200 லிட்டரையும் சுடவைக்க வேண்டியிருக்கும். குளியலறையில் இருந்த பழைய 15 லிட்டர் கீசரே அந்த நாட்களுக்குப் போதும்.

வீட்டில் பிரஷர் பம்ப் வைத்திருப்பவர்கள் அதை முதலிலேயே கடையில் சொல்லிவிடுங்கள். எங்களுடையது போன்ற சாதாரணத் தொட்டி அந்த அழுத்தத்தைத் தாங்காது.

பொங்கல் முடிந்ததும் இந்த ஆண்டுக்கான சுத்தம் இருக்கிறது. காலை 6 மணிக்கே வந்து, வெயில் ஏறுமுன் தொட்டியை நிரப்பிவிட வேண்டும் என்று இப்போதே சொல்லிவைத்திருக்கிறேன்.