நெல்லையிலிருந்து மதுரைக்கு ஒரு கிட்னி: திரவமா, பெட்டியா, மிஷினா, எதற்குக் காசு கொடுக்கலாம்?

பாளையங்கோட்டையில் மூளைச்சாவு அடைந்த ஒருவரிடமிருந்து எடுக்கும் கிட்னி மதுரைக்குப் போக வேண்டுமானால் நான்குவழிச் சாலையில் ஏறக்குறைய 160 கிலோமீட்டர். கயத்தாறு, கோவில்பட்டி, சாத்தூர், விருதுநகர் தாண்டி இரண்டரை மணி நேரத்தில் ஆம்புலன்ஸ் போய்விடும். நாகர்கோவில் இதில் பாதித் தூரம்தான். சென்னை என்றால் வாகைக்குளம் போய் விமானம் ஏற வேண்டும். இந்தத் தூரத்தையும் நம் சித்திரை வெயிலையும் வைத்துத்தான் கிட்னியைக் கெடாமல் கொண்டுபோக உதவும் கீழே உள்ள சரக்குகளுக்கு மதிப்பெண் போட்டிருக்கிறோம். ஐரோப்பாவில் கொண்டாடப்படும் ஒன்று நமக்கு வீண்செலவாக இருக்கலாம். அங்கே யாரும் பேசாத தெர்மகோல் பெட்டி இங்கே தலையெழுத்தையே மாற்றலாம்.

முதலில் திரவம். ரத்த ஓட்டம் நின்றபின் கிட்னியைக் குளிர்வித்தால் அதன் பசி குறையும். 10 டிகிரி இறங்கினால் ஆக்சிஜன் தேவை பாதியாகும். 4 டிகிரிக்கு வந்தால் பத்தில் ஒரு பங்கு அளவுக்குப் போய்விடும். ஆனால் அந்தக் குளிரில் சோடியத்தை வெளியே தள்ளும் செல்லின் பம்ப்பும் படுத்துவிடுகிறது. சோடியம் உள்ளே போக, பின்னாலேயே தண்ணீர் போக, செல் உப்பி வெடிக்கும். அதனால்தான் வெறும் சலைனில் போட்டு வைக்க முடியாது.

விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பெல்சரும் சவுத்தர்டும் 1980-களில் உருவாக்கிய யூ.டபிள்யூ. திரவம் இந்த உப்பலைத்தான் குறிவைக்கிறது. லிட்டருக்கு 100 மில்லிமோல் லாக்டோபயோனேட், 30 மில்லிமோல் ராஃபினோஸ். இரண்டும் செல்லுக்குள் நுழைய முடியாத பெரிய மூலக்கூறுகள், தண்ணீரை வெளியிலேயே பிடித்து வைக்கும். கூடவே அடினோசின், குளுட்டத்தயோன், அலோபியூரினால், லிட்டருக்கு 50 கிராம் ஸ்டார்ச். பொட்டாசியம் 125 மில்லிமோல். ரத்தத்தில் இருப்பது 4 என்பதை நினைத்துப் பார்த்தால் இது எவ்வளவு என்று புரியும். லிவரில் இதைக் கழுவாமல் ரத்த ஓட்டத்தைத் திறந்தால் நோயாளியின் இதயமே நின்றுபோகலாம். கிட்னிக்குள் தங்கும் அளவு கொஞ்சம்தான், அந்தப் பயம் அவ்வளவு இல்லை.

யூ.டபிள்யூ.வின் குறை அதன் கனம். குளிரில் தண்ணீர் மாதிரி ஓடாது, பாகு மாதிரி இறங்கும். அதிலுள்ள ஸ்டார்ச் சிவப்பணுக்களை ஒட்டிக் குவிய வைக்கும். எந்தத் திரவமானாலும், ரத்தக்குழாயை இடுக்கியால் மூடுவதற்கு (கிளாம்ப்) மூன்று முதல் ஐந்து நிமிடம் முன்பே, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபரின் உடல் எடையில் கிலோவுக்கு 300 யூனிட் போயிருக்க வேண்டும். இன்னொன்று, பையில் சில நேரம் பொடிப்பொடியாகப் படிகம் தெரியும். வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்காமல் மாட்டக் கூடாது. லைனில் ஃபில்டர் கட்டாயம். லேபிள் 2 முதல் 25 டிகிரி என்கிறது. மே மாதம் ஏசி இல்லாத ஸ்டோர் ரூமில் அது நடக்காது. சரி என்று வார்டு ஃப்ரிட்ஜில் ஃப்ரீசருக்கு ஒட்டினாற்போல் வைத்தால் உறைந்துவிடும். உறைந்த பையை உருக்கி மாட்டலாம் என்று நினைக்கவே வேண்டாம், தூக்கிப் போட வேண்டியதுதான்.

எச்.டி.கே., அதாவது கடைப்பெயரில் கஸ்டோடியால், ஜெர்மனியில் பிரெட்ஷ்னைடர் முதலில் இதய அறுவைக்காகச் செய்தது. ஹிஸ்டிடின்தான் இதன் உயிர், அமிலம் ஏறாமல் தாங்கும். பொட்டாசியம் 9 மில்லிமோல் மட்டும். தண்ணீர் போல ஓடுவதால் சின்ன ரத்தக்குழாய் வரை சீக்கிரம் போய்ச் சேரும், ஃபில்டர் தலைவலியும் இல்லை. ஆனால் லிட்டர் கணக்கு இடிக்கும். பல உறுப்பு எடுக்கும்போது யூ.டபிள்யூ. நான்கைந்து லிட்டரில் முடிகிற வேலைக்கு இது அதைப்போல் இரண்டு மடங்கு கேட்கும். லிட்டர் விலை குறைவு என்று வாங்குகிறவர்கள் மொத்தக் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது. 24 மணி நேரத்துக்குள் கிட்னியைப் பொருத்திவிடுவோம் என்றால் இரண்டில் எதை வாங்கினாலும் பெரிய வித்தியாசம் இல்லை. அதற்கு மேல் இழுக்கும் என்று தெரிந்தால் யூ.டபிள்யூ. நமக்கு நெல்லை–மதுரை ஓட்டத்தில் இந்தக் கேள்வியே எழாது.

எந்தத் திரவமானாலும் ஃப்ளஷ், அதாவது கிட்னிக்குள் இருக்கும் ரத்தத்தைத் திரவத்தால் கழுவி வெளியேற்றுவது, சரியாக நடந்ததா என்பதை நிறமே சொல்லும். பையை சுமார் ஒரு மீட்டர் உயரத்தில் தொங்கவிட்டால் போதும், கையால் பிழிய வேண்டாம். கிட்னி முழுவதும் ஒரே சீராக வெளிறி, சாம்பல் கலந்த மண் நிறத்துக்கு வர வேண்டும். வெளியே வடிவது தெளிய வேண்டும். ஒரு முனை மட்டும் ஊதாத் திட்டாக நின்றால் அங்கே தனியாக ஒரு சிறு தமனி போகிறது, அதற்குத் திரவம் சேரவில்லை. ஒரு பக்கத்துக் கிட்னி முழுவதுமே சிவந்து நின்றால், பெருந்தமனியில் செருகிய குழாயின் (கேனுலா) நுனி கிட்னித் தமனியின் வாயைத் தாண்டி மேலே ஏறியிருக்கும். ஒரு சென்டிமீட்டர் பின்னால் இழுத்தால் நிறம் மாறுவதைக் கண்ணால் பார்க்கலாம். இங்கே விட்ட பிழையை அப்புறம் எந்த விலையுயர்ந்த திரவமும் சரிசெய்யாது.

இப்போது பெட்டி. நம் பக்கத்தில் கிட்னி கெடுவதற்கு அதிக வாய்ப்புள்ள இடம் இதுதான், ஆனாலும் கொள்முதல் பட்டியலில் கடைசி வரியில்தான் இருக்கும்.

கட்டும் முறை எல்லாருக்கும் தெரிந்ததுதான்: மூன்று பை. முதல் பையில் கிட்னியும், அது முழுக மூழ்கும் அளவுக்குக் குளிர்ந்த திரவமும். காற்றை வழித்து வெளியேற்றிவிட்டு முடிச்சு. இரண்டாவதில் ஐஸ் கலந்த ஸ்டெரைல் சலைன், மூன்றாவது சும்மா உறை. அதன்பின் பெட்டி. முதல் பைக்குள் ஒரு துண்டு ஐஸ்கூடப் போகக் கூடாது. ஐஸ் தொடும் இடம் உறைந்து, ரத்தம் பாயும்போது அந்த இடம் மட்டும் கறுத்து நிற்கும்.

வெளியே போடும் ஐஸ் விஷயத்தில் தூத்துக்குடி மீன்காரரிடம் பாடம் கேட்கலாம். உடைத்த, தண்ணீர் கசிந்துகொண்டிருக்கும் ஐஸ்தான் சரியாக 0 டிகிரி. டீப் ஃப்ரீசரிலிருந்து நேராக எடுத்த ஐஸும் ஜெல் பேக்கும் −18, −20-ல் இருக்கும். அவற்றைப் பையை ஒட்டி அடுக்குவது கிட்னியை ஃப்ரீசரில் வைப்பதற்குச் சமம். ஒரு வித்தியாசம், மீன் ஐஸில் உப்புத் தூவுவார்கள். இங்கே உப்பு ஒரு சிட்டிகையும் ஆகாது. உப்பு சேர்ந்தால் ஐஸ் 0-க்குக் கீழே இறங்கிவிடும்.

எவ்வளவு ஐஸ்? 40-க்கு 30-க்கு 30 சென்டிமீட்டர் தெர்மகோல் பெட்டி, சுவர் 40 மில்லிமீட்டர், வெளியே 40 டிகிரி வெயில் என்று கணக்குப் போட்டால் மணிக்குக் கால் கிலோ ஐஸ் உருகும். சுவர் 25 மில்லிமீட்டர்தான் என்றால் 400 கிராம். 12 மணி நேரத்துக்கு முதல் பெட்டிக்கு 3 கிலோ, இரண்டாவதுக்கு 5 கிலோ. மூடி சரியாக உட்காராவிட்டால் இந்தக் கணக்கெல்லாம் போச்சு. எனவே இரண்டு மடங்கு போடுவதே நியாயம். கடையில் கிடைக்கும் பெட்டியில் நாம் முதலில் பார்க்க வேண்டியது சுவரின் கனம், அடுத்தது மூடி நன்றாகப் படிந்து உட்காருகிறதா என்பது. கறிக்கடைக்கு வரும் மெல்லிய பெட்டிக்கு மார்க் பூஜ்யம். பக்கவாட்டில் ஐஸ் போட்டுவிட்டு அடியில் போடாமல் விடுவது அடிக்கடி நடக்கும் தவறு. ஐஸ் உருக உருகப் பை கீழே இறங்கி, தரையை ஒட்டிச் சூடான பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடும். அடியில் ஒரு கையகலம் ஐஸ் போட்டுத்தான் பை.

வண்டியில் டிக்கியில் வேண்டாம், ஏசி இருக்கும் கேபினில் பெல்ட் போட்டு. டோல்கேட்டில் நிற்கும்போது திறந்து பார்க்கும் ஆர்வத்தை அடக்க வேண்டும். உள்ளே கம்பி விட்ட டிஜிட்டல் வெப்பமானி சில நூறு ரூபாய்தான், மூடியைத் திறக்காமலே 4 டிகிரி என்று காட்டிவிடும்.

மிஷினுக்கு வருவோம். லைஃப்போர்ட் மாதிரிக் கருவிகள் கிட்னியை ஐஸில் சும்மா வைக்காமல், குளிர்ந்த திரவத்தை 30 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்துக்கு மிகாமல் தமனி வழியே ஓட்டிக்கொண்டே இருக்கும். இதற்குத் தனியாகக் கே.பி.எஸ்.-1 என்ற திரவம், ஒரு லிட்டர். 2009-ல் வெளியான ஐரோப்பிய ஆய்வில் 336 தானங்களில் ஒரு கிட்னி மிஷினிலும் மற்றொன்று ஐஸிலும் வைக்கப்பட்டது. பொருத்திய பிறகும் டயாலிசிஸ் தேவைப்பட்டது மிஷினில் 20.8 சதவீதம், ஐஸில் 26.5. ஒரு வருடம் கிட்னி தாக்குப்பிடித்தது மிஷினில் 94 சதவீதம், ஐஸில் 90. வித்தியாசம் உண்மையானது. திரவத்தின் ஓட்டமும் அதற்குக் கிட்னி காட்டும் எதிர்ப்பும் திரையில் தெரிவதால் சந்தேகத்துக்குரிய கிட்னியைப் பற்றி ஒரு துப்பும் கிடைக்கும்.

ஆனால் ஒவ்வொரு கிட்னிக்கும் ஒரு டிஸ்போசபிள் செட், பயிற்சி பெற்ற ஆள், தமனிக்குப் பொருந்தும் கேனுலா. இரண்டு மூன்று தமனி இருந்தால் மாட்டுவதே பெரும்பாடு, கசிந்தால் அழுத்தம் விழும். வயதான, நீரிழிவு உள்ளவரின் கிட்னிக்கும், 15 மணி நேரம் தாண்டும் என்று தெரிந்த கிட்னிக்கும் மிஷின் நிச்சயம் காசுக்குப் பெறும். முப்பது வயதுக்காரரின் நல்ல கிட்னி கயத்தாறு வழியாக இரண்டரை மணி நேரம் போவதற்கு வேண்டாம். உடல்சூட்டில் ஒரு மணி நேரம் ஓட்டும் புதிய முறைக்கும் அவசரப்பட வேண்டாம். பிரிட்டனில் 2023-ல் வந்த ஆய்வு டயாலிசிஸ் தேவையைக் குறைத்ததாகக் காட்டவில்லை.

அப்படியானால் நேரத்தைச் சாப்பிடுவது எது? ரோடு இல்லை, கிராஸ்மேட்ச். கொடுத்தவரின் ரத்தமும் பெறுபவரின் ரத்தமும் சண்டை போடுமா என்று பார்க்கச் சில மணி நேரம் பிடிக்கும். மூளைச்சாவை உறுதிசெய்ய 6 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை பரிசோதனை சட்டப்படி நடக்கிறது. இரண்டாவது முடிந்து குடும்பத்தார் கையெழுத்துப் போட்டவுடனே ரத்தக் குழல்களைத் தனி வண்டியில் முன்னால் அனுப்பிவிட்டால், கிட்னி எடுத்து முடிக்கும் நேரத்தில் முடிவு வந்திருக்கும். கிட்னியோடு சேர்த்து அனுப்பினால் அது பெட்டிக்குள் காத்துக் கிடக்கும்.

பெட்டி போய்ச் சேர்ந்ததும் மூடியில் ஒட்டிய தாளில் ஐந்து விஷயம் இருக்க வேண்டும்: ரத்த வகை, இடதா வலதா, தமனி எத்தனை, என்ன திரவம், கிளாம்ப் போட்ட நேரம். கடைசியைத்தான் மறப்பார்கள், அது இல்லாமல் கிட்னி குளிரில் கிடந்த நேரத்தைக் கணக்கிடவே முடியாது. திறந்தவுடன் ஐஸ் மிச்சம் இருக்கிறதா, உள்பையில் திரவம் தெளிவா, ஏதாவது உறைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கிட்னியை ஐஸ் சலைன் நிறைந்த கிண்ணத்துக்கு மாற்ற வேண்டும். தையல் போடும் அரை மணி நேரத்திலும் துணியில் சுற்றிய ஐஸ் சலைன் அதன்மேல் இருக்கட்டும், தியேட்டர் விளக்கின் சூட்டில் அது வேகமாக வெதுவெதுப்பாகிவிடும்.