பவர் ஹாக்சா பிளேடில் செய்த கத்தி: ரெண்டு மழைக்காலம் தாண்டிய அனுபவம்

கடல்காற்று நேராக அடுப்படிக்குள் நுழைகிற கடலூர் முதுநகர் வீட்டில் தினமும் புழங்கும் கத்தி இது, இரும்பறுக்கும் மெஷின் ரம்பமான பவர் ஹாக்சாவின் பழைய பிளேடில் நானே செய்தது, அதனால் துருவிலிருந்தே ஆரம்பிக்கிறேன். கழுவாமல் ராத்திரி தொட்டியில் போட்டுவிட்டால் காலையில் பழுப்புப் புள்ளி நிச்சயம். இந்த பிளேடின் எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீடு ஸ்டீல்) எஃகில் குரோமியம் சுமார் 4 சதவீதம்தான். துருப்பிடிக்காத ரகத்துக்குக் குறைந்தது 10.5 வேண்டும். துடைத்து வைத்தால் போதும், ஐப்பசி கார்த்திகையில் மட்டும் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவுகிறேன். புளியும் எலுமிச்சையும் பட்டுக் கருத்திருப்பது துரு இல்லை, அதைத் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டாம்.

லாரி ஸ்பிரிங் பட்டையில் கத்தி செய்வதென்றால் காந்தம் ஒட்டாத சூடு வரை, அதாவது 770 டிகிரி வாக்கில் காய்ச்சி, எண்ணெயில் முக்கி, மறுபடி 200 டிகிரி அளவில் சூடாக்கிப் பதம் கொண்டுவர வேண்டும். உலை இல்லாத வீட்டில் அதெல்லாம் நடக்காது. பவர் ஹாக்சா பிளேடு ஏற்கெனவே பதம் ஏறியது, 500 டிகிரி வரை தாங்கும் என்பதால் கிரைண்டர் சூட்டில் சட்டென்று பதம் போகாது. பழைய இரும்புக் கடையில் எடைக்கே கிடைக்கும், ஆனால் பல்லில் மட்டும் எச்எஸ்எஸ் ஒட்டிய பிளேடும் அதே குவியலில்தான் கிடக்கும். முதுகுப் பக்கத்தைக் கிரைண்டரில் தொட்டுப் பாருங்கள்: பொறி மங்கலான சிவப்பில், அதிகம் வெடிக்காமல் வந்தால் முழு எச்எஸ்எஸ். வெள்ளையாகப் பூப்பூவாக வெடித்தால் விட்டுவிடுங்கள். கண்ணாடியும் முகக்கவசமும் இல்லாமல் மட்டும் தொடாதீர்கள்.

கைப்பிடிக்குப் பண்ருட்டி பலாக்கட்டை. சாதா டிரில் பிட் இந்த எஃகில் இறங்காது, அதனால் பிளேடு முனையில் ஏற்கெனவே இருந்த ஓட்டையிலேயே பித்தளை ஆணி அடித்தேன், மிச்சத்தை அரால்டைட் பசை பிடித்துக்கொண்டிருக்கிறது. மழைக்காலத்தில் கட்டை லேசாக ஊதுகிறது, அவ்வளவுதான்.

வெட்டு? தக்காளித் தோலில் அழுத்தவே வேண்டாம், சங்கராவைக் கீறவும் அருமை. கூர் மாதக்கணக்கில் நிற்கிறது, போனால் சாணைக்கல்லில் தீட்ட நேரம் பிடிக்கும். மீன் தலை, எலும்புக்கு அரிவாள்மனைதான், இதைப் போட்டால் அலகு சில்லு தெறிக்கும், ஒடிந்தாலும் ஒடியும். பெரிய குறை அகலம். ஒன்றேகால் அங்குலம்தான், பலகையில் வைத்து வெங்காயம் நறுக்கினால் விரல் முட்டி இடிக்கிறது. "கையில வச்சு அரியத்தான்டா இது லாயக்கு" என்கிறார் அம்மா, அது சரிதான்.

கிரைண்டர் வீட்டில் இருந்தால் மொத்தச் செலவு முந்நூறு ரூபாய்க்குள் முடியும், இல்லையென்றால் கடைக் கத்தியே மலிவு. அடுத்ததுக்கு ரெண்டங்குல பிளேடு தேடிக்கொண்டிருக்கிறேன், சிதம்பரம் பக்கம் எங்காவது கண்ணில் பட்டால் சொல்லுங்கள்.