எல்லாம் பச்சையாக இருந்தது: சர்வர் கண்காணிப்பு ஏஜென்ட் வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை

கோவையில் மோட்டார் பம்பு தயாரிக்கும் நடுத்தர நிறுவனம் ஒன்றின் கணினிப் பிரிவைக் கவனித்துக்கொள்பவன் நான். தொழிற்சாலையின் சர்வர் அறையில் 14 சர்வர்களும், அமேசான் கிளவுடின் மும்பைப் பகுதியில் 8 சர்வர்களும் எங்களுக்கு உண்டு. இந்த இருபத்திரண்டையும் ஒரே திரையில் கண்காணித்துத் தருவதாகச் சொல்லி, சர்வருக்குள் ஓடி அதன் நிலையை அனுப்பும் 'ஏஜென்ட்' என்ற சிறு நிரல் ஒன்றுக்கு மாதம் 900 ரூபாய் வீதம் ஓராண்டுக்கு 2,37,600 ரூபாயை, ஜி.எஸ்.டி. நீங்கலாக, முன்கூட்டியே வாங்கிக்கொண்ட ஒரு சேவை நிறுவனத்திடம் நாங்கள் பட்ட பாட்டை இங்கே எழுதுகிறேன். பெயரைச் சொல்லப்போவதில்லை. இதே சரக்கை வேறு பெயரில் வேறு ஆள் கொண்டுவந்தாலும் அடையாளம் தெரியவேண்டும் என்பதே நோக்கம்.

"ஏஜென்ட் போட்டாச்சு சார், இனிமே நீங்க நிம்மதியா தூங்கலாம்" என்று அவர்களுடைய விற்பனையாளர் சொல்லிச் சென்ற ஐந்தாவது மாதத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, ஸ்டோர்ஸ் ஊழியர் என்னை அழைத்து, பில் சேவ் ஆகாமல் சுற்றிக்கொண்டே இருப்பதாகச் சொன்னார். கண்காணிப்புத் திரையைத் திறந்தேன். இருபத்திரண்டு கட்டங்களும் பச்சையாக இருந்தன. சர்வருக்குள் நுழைந்து பார்த்தபோது டேட்டாபேஸ் இருந்த டிஸ்க் நூறு விழுக்காடு நிரம்பியிருந்தது. டிஸ்க் நிரம்பினால் எங்கள் டேட்டாபேஸ் மென்பொருளான மைஎஸ்கியூஎல் பல சமயங்களில் விழுந்துவிடாது; இடம் கிடைக்கிறதா என்று நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்தபடி காத்துக்கொண்டிருக்கும். அதனால் பிங்குக்கு (சர்வர் உயிரோடு இருக்கிறதா என்ற நெட்வொர்க் விசாரிப்பு) பதில் வரும், போர்ட்டும் (இணைப்பு வாசல்) திறந்திருக்கும், வேலை மட்டும் நடக்காது. இதைப் பிடிப்பதற்காகத்தான் ஏஜென்ட் ஓட்டும் சோதனை நிரல்களில் டிஸ்க் பிளக்கின் என்று ஒன்று இருக்கிறது. அதற்கும் சேர்த்துத்தான் பணம் கட்டியிருந்தோம்.

டேட்டாபேஸ் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் பைனரி லாகுகளில் பழையவற்றை அழித்து இடம் உண்டாக்கியபின், அந்த பிளக்கின் என்ன செய்துகொண்டிருந்தது என்று தேடினேன். "எங்கள் சொந்தத் தயாரிப்பு" என்று அவர்கள் சொன்ன ஏஜென்ட், நாகியோஸ் என்ற கண்காணிப்பு மென்பொருளின் உலகில் பல ஆண்டுகளாக இலவசமாகக் கிடைக்கும் என்.ஆர்.பி.இ. தான், 5666 என்ற போர்ட் எண்ணைக்கூட மாற்றவில்லை. இலவச மென்பொருளை நிறுவிப் பராமரிக்கக் கூலி வாங்குவதில் தவறில்லை. அதையே சொந்த லைசென்ஸ் என்று சொல்லித் தலைக்கு இவ்வளவு என்று விற்றதுதான் தவறு.

அந்த வகை பிளக்கின்கள் தம் முடிவை ஓர் எண்ணாகத் திருப்பித் தரும். 0 என்றால் நலம், 1 என்றால் எச்சரிக்கை, 2 என்றால் ஆபத்து, 3 என்றால் நிலை தெரியவில்லை. எங்கள் சர்வர்களில் பிளக்கின் நேரடியாக ஓடவில்லை. அவர்கள் எழுதிய ஒரு சிறிய ஷெல் ஸ்கிரிப்டுக்குள் (கட்டளைகளை வரிசையாக ஓட்டும் கோப்பு) ஓடியது. அந்த ஸ்கிரிப்ட் பிளக்கின் தரும் வாசகத்தைப் பைப் (ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்த கட்டளைக்குக் கொடுக்கும் வழி) மூலம் 'டீ' என்ற கட்டளைக்கு அனுப்பி, ஒரு லாக் கோப்பிலும் எழுதிவைத்தது. பைப் போட்ட வரியில், தனியாக அமைத்தாலொழிய, கடைசிக் கட்டளையின் முடிவைத்தான் ஷெல் எடுத்துக்கொள்ளும். 'டீ' தன் வேலையை ஒழுங்காக முடித்து 0 என்றது. ஆகவே பிளக்கின் 2 என்று அலறியபோதும் திரைக்குப் போனது 0 மட்டுமே. லாக் கோப்பைத் திறந்தால் பதினோரு நாட்களாக 'டிஸ்க் கிரிட்டிக்கல்' என்ற வரி ஐந்து நிமிடத்துக்கு ஒன்றாக வரிசைகட்டி நிற்கிறது. நாகியோஸின் வழக்கமான திரையாக இருந்தால் அந்த வாசகமாவது கண்ணில் பட்டிருக்கும். இவர்கள் அழகுக்காகச் செய்த திரையில் வண்ணம் மட்டும்தான் தெரியும்.

இதுவரை சொன்னதைக் கவனக்குறைவு என்று நான் மன்னித்திருப்பேன், ஏனென்றால் இந்தப் பைப் தவறை நானும் ஒருகாலத்தில் செய்திருக்கிறேன். கிளவுட் சர்வர்களில் நடந்ததை அப்படி எடுத்துக்கொள்ள முடியவில்லை. அந்த எட்டில் ஒன்றில்கூட ஏஜென்ட் நிறுவப்படவில்லை. கிளவுட் நிறுவனம் இயல்பாகவே தரும் சிபியு, நெட்வொர்க் அளவுகளை மட்டும் ஏபிஐ (ஒரு மென்பொருள் இன்னொன்றிடம் தகவல் கேட்டுப் பெறும் வழி) வழியாக எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தார்கள். மெமரியும் டிஸ்கில் மிச்சமிருக்கும் இடமும் அந்த இயல்பான அளவுகளில் வராது. வெளியிலிருந்து பார்க்கும் கிளவுடுக்கு இயங்குதளத்தின் உள்ளே நடப்பது தெரியாது என்பதால், உள்ளே ஓர் ஏஜென்ட் ஓடினால்தான் அவை கிடைக்கும். ஆனால் எங்கள் திரையில் எட்டு சர்வர்களின் மெமரிக் கட்டங்களும் ஐந்து மாதம் பச்சையாகவே இருந்தன. கேட்டதற்கு, "அது கிளவுடோட லிமிடேஷன் சார்" என்றார்கள். அளக்காத ஒன்றுக்குப் பச்சை எப்படி வந்தது என்ற கேள்விக்குப் பதில் வரவில்லை.

நான் சத்தம் போட்ட பிறகு, ஓர் இரவில் அவசரமாக எட்டிலும் ஏஜென்ட் போட்டார்கள். சிபியுவின் ஒவ்வொரு கோருக்கும், இணைத்த ஒவ்வொரு டிஸ்க் பகுதிக்கும், ஓடும் ஒவ்வொரு நிரலுக்கும் தனித்தனி அளவு அனுப்பும்படி பிளக்கின்களைத் திறந்துவிட்டார்கள். ஒரு சர்வருக்கு ஏறத்தாழ 260. அளவின் பெயர் ஒன்றாக இருந்தாலும், எந்த சர்வர், எந்த டிஸ்க் என்பது போன்ற அடையாளம் (டைமென்ஷன்) மாறினால், அமேசானின் அளவீட்டுச் சேவையான கிளவுட்வாட்ச் அதைத் தனி மெட்ரிக்காகவே, அதாவது தனி அளவாகவே கணக்கிடும். முதல் 10,000 வரை ஒன்றுக்கு மாதம் 0.30 டாலர். அடுத்த மாத பில்லில் 600 டாலருக்கு மேல் கூடியிருந்தது. அதில் நாங்கள் உண்மையில் பார்க்கவேண்டியிருந்தவை ஒரு சர்வருக்குப் பன்னிரண்டு தேறினால் அதிகம்.

பாதுகாப்புப் பக்கம் நான் கண்டவைதான் என்னை அதிகம் பயமுறுத்தின. வெளியிலிருந்து வரும் அளவுருக்களை ஏற்று கட்டளையை ஓட்ட அனுமதிக்கும் அமைப்பு ஒன்று என்.ஆர்.பி.இ.யில் உண்டு. இயல்பாக மூடியிருக்கும் அதன் பெயரே 'டோன்ட் பிளேம் என்.ஆர்.பி.இ.', பிறகு என்னைக் குறை சொல்லாதே என்று எழுதியவர்களே கைகழுவிய அமைப்பு. அதைத் திறந்து வைத்திருந்தார்கள். யார் இணையலாம் என்ற பட்டியலை நீக்கியிருந்தார்கள். ஏஜென்ட் ஓடும் பயனருக்குக் கடவுச்சொல் இல்லாமலே முழு சூடோ உரிமை (நிர்வாகி அதிகாரம்) தந்திருந்தார்கள். தங்கள் அலுவலகத்திலிருந்து பார்க்க வசதியாக எங்கள் ஃபயர்வாலில் 5666-ஐ இணையம் முழுவதற்கும் திறக்கச் சொன்னதும் அவர்களே. சொன்னதைச் செய்தது நான், அந்தப் பழி எனக்கும் உண்டு. போதாக்குறைக்கு, இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவின்படி 180 நாள் லாகுகளை வைத்துத் தருவதாக ஒப்பந்தத்தில் எழுதியிருந்தவர்கள், கேட்டபோது ஒன்பது நாள் லாகைத்தான் கொடுத்தார்கள்.

இப்போது ஜாபிக்ஸ் என்ற கண்காணிப்பு மென்பொருளை நாங்களே நிறுவியிருக்கிறோம். ஏற்கும் முன் இரண்டு சோதனைகள் செய்தோம். உபயோகமற்ற பெரிய கோப்பு ஒன்றைப் போட்டு டிஸ்கை 95 விழுக்காடு நிரப்பினோம். பிறகு ஏஜென்டையே நிறுத்திவிட்டு, தகவல் வராததையும் அது கோளாறாகச் சொல்கிறதா என்று பார்த்தோம். இரண்டுக்கும் சேர்த்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அந்த அரை மணி நேரத்தை முதல் நாளே விற்பனையாளரை எதிரில் உட்காரவைத்துச் செலவழிக்காததற்கு நான் என்னைத்தான் நொந்துகொள்கிறேன்.

பணத்தைத் திருப்பிக் கேட்டோம். வணிக நோக்கத்துக்காக வாங்கிய சேவை என்பதால் நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு நிற்காது என்று வழக்கறிஞர் சொல்லிவிட்டார், நோட்டீஸ் அனுப்பியிருக்கிறோம். ஏஜென்டுகள் அனைத்தையும் நீக்கி, அவர்களுக்குக் கொடுத்திருந்த கிளவுட் சாவிகளையும் ரத்து செய்த பிறகு, அடுத்த மாதம் முதல் தேதியில் வழக்கமான மாத அறிக்கை மின்னஞ்சலில் வந்தது. இருபத்திரண்டு சர்வர்களும் 99.98 விழுக்காடு நேரம் நலமாக இயங்கியதாக அதில் இருந்தது. அதன் நகலையும் வழக்கறிஞரிடம் கொடுத்திருக்கிறேன்.