பில்லில் "அண்டர்சார்ஜ்" என்று இருந்தால் பணம் கட்டுவதற்கு முன் கேளுங்கள்

கம்பம், கூடலூர் பக்கமிருந்து கேரள எல்லையிலுள்ள குமுளிக்குப் போய் வண்டி வேலை பார்த்து வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அங்குள்ள ஓர் ஒர்க்‌ஷாப்பில், ஓர் ஆங்கிலச் சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டு கடந்த மாதம் 1,180 ரூபாய் அதிகமாகக் கட்டிவிட்டேன்.

அதே இடத்தில் இரண்டு மாதங்களுக்கு முன் டைனமோ பழுது பார்த்து, 4,850 ரூபாய் பில்லை முழுவதுமாகக் கட்டியிருந்தேன். இந்த முறை காலையில் கார் ஸ்டார்ட் ஆகாததால் பேட்டரியைக் காட்டினேன். பில்லில் ஒயரிங், லேபர் ஆகியவற்றுக்குக் கீழே "அண்டர்சார்ஜ் - 1,180" என்றிருந்தது. பேட்டரிக்காகப் போனவன் சார்ஜ் என்ற சொல்லைப் பார்த்தால் வேறு என்ன நினைப்பான்? சார்ஜ் குறைந்திருந்தது, ஏற்றியிருக்கிறார்கள் என்றே எண்ணினேன். அதற்கு இவ்வளவா என்று கேட்டபோது, "கம்ப்யூட்டர்ல அப்படித்தான் சார் வரும்" என்றார் கவுன்ட்டரில் இருந்த இளைஞர். ஜிபேயில் கட்டிவிட்டு மலையிறங்கினேன்.

கணக்கு வேலை பார்க்கும் என் மகள் அன்றிரவு பில்லை வாங்கிப் பார்த்து, "அப்பா, இது பேட்டரி சார்ஜ் இல்லை" என்றாள். வாங்க வேண்டிய தொகையைவிடக் குறைவாக வாங்கிவிட்டால் அதற்குப் பெயர் அண்டர்சார்ஜ். அதிகமாக வாங்கினால் ஓவர்சார்ஜ். அதாவது, முந்தைய பில்லில் ஆயிரம் ரூபாய் குறைத்துப் போட்டுவிட்டதாக அவர்களே முடிவுசெய்து, 18 சதவீத ஜிஎஸ்டியையும் சேர்த்து, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் இந்தப் பில்லில் ஏற்றியிருக்கிறார்கள். எனக்கு மலையாளம் வாசிக்க வராது, அவர்களுக்குத் தமிழ் எழுத வராது என்பதால்தான் எல்லையில் பில் ஆங்கிலத்தில் வருகிறது. இரு மொழிக்கும் பொதுவான "பழைய பாக்கி" என்ற சொல்லைப் போட்டிருந்தால் அங்கேயே கேட்டிருப்பேன்.

அடுத்து நான் செய்ததும் பிழைதான். ஆத்திரத்தில், என்னை "ஷார்ட்சேஞ்ச்" செய்துவிட்டீர்கள் என்று ஆங்கிலத்தில் கடிதம் எழுதினேன். ஏமாற்றுவதைப் பொதுவாகக் குறிக்கவும் அந்தச் சொல்லை ஆள்வதுண்டு. ஆனால் மீதிச் சில்லறையைக் குறைத்துக் கொடுப்பதுதான் அதன் நேர்ப்பொருள். நீங்கள் ஜிபேயில் கட்டினீர்கள், நாங்கள் சில்லறையே தரவில்லை, ஆகவே புகாருக்கு இடமில்லை என்று இரண்டே வரியில் பதில் வந்தது. கெட்டிக்காரர்கள்!

இரண்டாவது கடிதத்தை மகள் எழுதினாள். பதிவுபெற்ற வணிகர் ஒரு பில்லில் குறைத்துப் போட்டிருந்தால், ஜிஎஸ்டி சட்டத்தின் 34ஆம் பிரிவின்படி, விடுபட்ட தொகைக்குத் தனிச் சீட்டாக டெபிட் நோட் தர வேண்டும். அதில் பழைய பில்லின் எண்ணும் தேதியும் இருக்க வேண்டும். அதிகமாகப் போட்டிருந்தால், அந்தத் தொகையைக் குறைத்துக் காட்டும் கிரெடிட் நோட். புதிய பில்லின் நடுவே எண்ணும் தேதியும் இல்லாமல் ஒரு வரியாகச் செருகிய தொகையை ஓவர்சார்ஜ் என்றே கருதுவதாகவும், திருப்பித் தராவிட்டால் தேனி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதாகவும் அதில் எழுதியிருந்தாள்.

எல்லையில் இருப்பவர்கள் இந்தத் தேனி விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1986ஆம் ஆண்டின் பழைய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படியானால் குமுளிக் கடைக்காக நான் இடுக்கி மாவட்டத்தில்தான் வழக்குப் போட்டிருக்க வேண்டும். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், புகார்தாரர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடர இடமளிக்கிறது; இரண்டு ஆண்டுகளுக்குள் தொடர வேண்டும், கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமும் கிடையாது. அவ்வளவு தூரம் போக விரும்பாதவர்கள் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் தமிழிலேயே புகார் சொல்லலாம்.

நான்காம் நாள் 1,180 ரூபாய் ஜிபேயில் திரும்பி வந்தது. கூடவே ஒரு குறிப்பு: "டிஸ்கவுன்ட்". கிரெடிட் நோட் கேட்டிருக்கிறேன், இன்னும் வரவில்லை.