பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் ஒற்றை எழுத்து: நாலு சீசன் பாவித்த அனுபவம்

போன கிழமை வவுனியாவிலிருந்து ஒரு தம்பி எடுத்துக் கேட்டான்: "அண்ணா, நீங்கள் பாவிக்கிற அந்த ஹொக்கி ஆப் இப்ப பாதி விலைக்கு வந்திருக்கு. எடுக்கலாமோ?" போனில் நான் சொன்ன பதில் கோபத்தில் வந்தது. அவனுக்கு ஆறுதலாகச் சொல்லவேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

நான் முரசுமோட்டையில் வயல் செய்கிறேன். கனடாவில், ஸ்காபரோவில் இருக்கும் மாமாவின் மகன்தான் குடும்ப லீக்கில் என்னைச் சேர்த்துவிட்டான். பத்துப் பேர். என்எச்எல் என்ற வட அமெரிக்க ஐஸ் ஹொக்கி லீக்கில் ஆடும் ஆட்களை எடுத்து, ஆப்பில் ஆளுக்கொரு கற்பனை அணி வைத்திருப்போம்; அவர்கள் உண்மையில் ஆடுவதற்குத்தான் எங்களுக்குப் புள்ளி. ஆளுக்கு முன்வரிசையில் நடுவில் ஆடும் சென்டர் இரண்டு, அவருக்கு இரு பக்கமும் ஆடும் இடது விங் இரண்டு, வலது விங் இரண்டு, பின்னுக்கு நிற்கும் டிஃபென்ஸ் நாலு, கோல் காக்கும் கோலி இரண்டு. ரொறன்ரோவில் இரவு ஏழு மணிக்குத் தொடங்கும் ஆட்டம் மார்கழியில் எங்களுக்கு விடிய ஐந்தரை. காலபோக விதைப்போடு சீசன் தொடங்கும். அறுவடை முடிந்து நெல் காய்ந்து விற்ற பிறகும் ஏப்ரல் நடுப்பகுதி வரை போகும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். வயல் வரம்பில் சிக்னல் ஒரு கோடுதான் இருக்கும். அதிலும் இந்த ஆப் திறக்கும். கோல் விழுந்தால் சில வினாடிகளில் போன் அதிரும். எந்தக் கோலி இறங்குகிறார் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடும். நாலு வருடத்தில் ஒரு தடவைகூடப் புள்ளிக் கணக்குப் பிழைத்ததில்லை.

பிரச்சினை, ஆள் எந்த இடத்துக்காரர் என்று காட்டப் பெயருக்குப் பக்கத்தில் போடும் அந்த ஒற்றை எழுத்து.

இரண்டாம் சீசன், மார்ச் மாதம், மச்சானோடு அரையிறுதி. என் இடது விங் ஒருவருக்குக் காயம். என் அணியில் இறக்காமல் வைத்திருந்தவர்களில் ஒரு மூன்றாம் வரிசைக்காரர் (முன்னுக்குச் சேர்ந்து இறங்கும் மூவர்தான் ஒரு வரிசை) சும்மா இருந்தார். ஆப்பில் அவர் சென்டர் மட்டும்தான். ஆனால் மூன்று கிழமையாக அவர் இடது விங்கில் ஆடுவதை நான் என் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். இடது விங் பெட்டியில் அவரைப் போட ஆப் விடவில்லை. அன்றைக்கு இரண்டு கோல் அடித்தார். நான் ஒரு புள்ளியில் தோற்றேன். எழுதிக் கேட்டதற்கு, இடங்களைத் திருத்த அவர்களுக்கென்று திகதிகள் இருக்கின்றன, அதுவரை பொறுக்கவேண்டும் என்று பதில் வந்தது. காசு கட்டி எடுத்த ஒன்றில் இப்படிப் பதில் வந்தால் எரியாதா?

என்எச்எல்லின் உத்தியோகபூர்வத் தளத்தைப் பார்த்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அங்கேயும் ஒரு ஆளுக்கு ஒரு எழுத்துத்தான். சென்டருக்கு சி, இடது விங்குக்கு எல், வலது விங்குக்கு ஆர், டிஃபென்ஸுக்கு டி, கோலிக்கு ஜி. அது ஆள் எந்த இடத்துக்கென்று பதியப்பட்டார் என்பதைத்தான் சொல்லும். நேற்று எங்கே ஆடினார் என்பதைச் சொல்லாது. ஆட்களோ ஒரு இடத்தில் நிற்பதில்லை. சாம் ரைன்ஹார்ட் 2014இல் சென்டராக எடுக்கப்பட்டவர். 2023-24இல் ஃபுளோரிடாவுக்கு 57 கோல் அடித்தது விங்கில் நின்று. டிம் ஷ்டுட்ஸ்ல விங்காக ஒட்டாவாவுக்கு வந்து சென்டர் ஆனவர். டஸ்டின் பஃப்லின் டிஃபென்ஸ்காரர். சிக்காகோ அவரை முன்னுக்குக் கொண்டுவந்து 2010இல் லீக்கின் சம்பியன் கிண்ணமான ஸ்டான்லி கிண்ணத்தை வென்றது. அதற்குப் பிறகு அட்லாண்டாவில் திரும்பவும் பின்னுக்குப் போனார். பிரென்ட் பேர்ன்ஸ் முன்னுக்கும் பின்னுக்கும் மாறி மாறி ஆடி, கடைசியில் 2017இல் சிறந்த டிஃபென்ஸ்காரருக்கான நோரிஸ் கிண்ணத்தை வாங்கினார்.

இதையெல்லாம் விட ஒவெச்கின் கதையைக் கேளுங்கள். 2012-13இல் வாஷிங்டன் அவரை இடதிலிருந்து வலதுக்கு மாற்றியது. சீசன் முடிவில் சிறந்த ஆட்களின் நட்சத்திர அணிகளுக்கு ஹொக்கி எழுத்தாளர்கள் வாக்களித்தபோது சிலர் வலது என்று போட்டார்கள், சிலர் பழக்கத்தில் இடது என்றே போட்டார்கள். முடிவில் முதல் நட்சத்திர அணியில் வலது விங்காகவும் இரண்டாம் அணியில் இடது விங்காகவும் ஒரே ஆள் வந்தார். ஹொக்கியே தொழிலாக இருப்பவர்களுக்கு இந்த நிலைமை என்றால், ஆப் செய்பவர்களை முழுதாகக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. அதோடு ஆட்டம் ஓடும்போது முன்வரிசை மூவரும் இடம் மாறிக்கொண்டே இருப்பார்கள். தங்கள் கோல் பக்கம் முதலில் திரும்பி வருபவர் சென்டரின் வேலையைச் செய்வார். அதை ஒரு எழுத்தில் அடைக்க யாராலும் முடியாது.

சரி, அப்போது நான் எதை நம்புகிறேன்? ஃபேஸ் ஓஃப் கணக்கை. ஆட்டத்தைத் தொடக்க நடுவர் பக்கை, அதாவது ஹொக்கி வட்டை, இரு அணி ஆட்களுக்கும் நடுவில் போடுவதுதான் ஃபேஸ் ஓஃப்; அதை எடுப்பது வழமையாகச் சென்டரின் வேலை. அப்போது குனிந்து நிற்பவர் யார் என்பதை ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பெயர் பெயராக உத்தியோகபூர்வத் தாளில் போடுகிறார்கள், இலவசமாக. ஒரு வரிசையில் மூவர். ஒருவர் பதின்மூன்று தடவை குனிந்திருக்கிறார், மற்றவர்கள் ஒன்று, பூச்சியம். யார் சென்டர் என்று யாரிடமும் கேட்கத் தேவையில்லை. இதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு வந்த சந்தோஷம், கிணற்றில் ஊற்றுக் கண்ட மாதிரி.

அதிலும் கவனம் வேண்டும். சென்டரை நடுவர் வெளியே அனுப்பினால் விங் வந்து எடுப்பார். சில அணிகளில் வலக்கைக்காரர் ஒரு பக்கமும் இடக்கைக்காரர் மறுபக்கமும் பிரித்து எடுப்பார்கள். அதனால் ஒரு ஆட்டத்தை வைத்து முடிவெடுக்கக்கூடாது. ஐந்து ஆட்டமாவது பார்க்கவேண்டும். யார் யாரோடு இறங்கினார் என்பதற்கு, ஒவ்வொருவரும் ஏறி இறங்கிய நேரம் வினாடிக் கணக்கில் போட்ட தாள் இருக்கிறது. மிச்சம் இருப்பது இடதா வலதா என்பது. அதற்குக் காலைப் பயிற்சியில் நிற்கும் செய்தியாளர்கள் இடது, சென்டர், வலது என்ற ஒழுங்கில் வரிசைகளை எழுதுவார்கள்; எங்களுக்கு அது இரவு ஒன்பது மணிபோல வரும், சாப்பிட்டுவிட்டுப் பார்க்கலாம். பயிற்றுநர் இரண்டாம் பகுதியிலேயே கலைத்துப்போடவும் கூடும், அதையும் நினைவில் வைத்திருக்கவேண்டும். டிஃபென்ஸ்காரரில் யார் இடது, யார் வலது என்பதை 'டி' என்ற எழுத்துக் காட்டாது. எங்கள் லீக்கில் அது தேவையுமில்லை.

இவ்வளவையும் நான் ஒரு நூற்றிருபது பக்கக் கொப்பியில் எழுதி வருகிறேன். போன சீசனில் மூன்று தடவை ஆப்புக்கு முன்னமே இடமாற்றத்தைப் பிடித்தேன். ஒரு ஆளைச் சென்டராக மட்டும் இருந்தபோதே எடுத்து வைத்தேன். இரண்டு கிழமை கழித்து ஆப் அவருக்கு விங்கும் கொடுத்தது. மச்சான் அங்கிருந்து எடுத்து, "உனக்கு யாரடா சொன்னது?" என்று கேட்டான். கொப்பியைக் காட்டினேன்.

தம்பி, ஆப்பைப் பற்றி மேலே எழுதிய நல்லது எல்லாம் உண்மை. ஆனாலும் நீ எடுக்காதே. பாதி விலைக்கும் வேண்டாம். நீ எதற்காக எடுக்க நினைக்கிறாயோ, அந்த ஒரு விஷயத்தில்தான் அது பின்தங்கி நிற்கிறது. அந்தக் காசுக்கு டேட்டா போடு. இந்த வெள்ளிக்கிழமை கிளிநொச்சிக்கு வருகிறாய்தானே, கொப்பியைத் தருகிறேன், படம் எடுத்துக்கொண்டு போ. கடைசி நாலு பக்கத்தில் எட்மண்டன் வரிசைகள் இருக்கின்றன, அதிலிருந்து தொடங்கு.