வலி மாத்திரைப் பழக்கம்: 30 நாள் மறுவாழ்வு இல்லமா, நாக்கடி மாத்திரையா?

நடவு, அறுப்பு, மூட்டை தூக்குவது என்று டெல்டாவில் இடுப்பு ஒடிகிற வேலைதான் அதிகம். வலிக்கு வாங்கிய மாத்திரையில் மாட்டிக்கொண்டவர்களும் உண்டு, டேபென்டடால் என்ற வலி மாத்திரையைக் கரைத்து நரம்பில் ஏற்றும் இளவட்டங்களும் உண்டு. வீட்டார் கேட்பது ஒன்றுதான்: "எங்கயாவது ஒரு மாசம் சேத்துவிட்டா சரியாயிடுமா?"

சேர்க்கலாம். ஆனால் வெளியே வந்த பிறகுதான் ஆபத்து. 30 நாளில் உடம்புக்குப் பழைய அளவைத் தாங்கும் சக்தி போய்விடும், ஏக்கம் மட்டும் போகாது. பழைய அளவையே போட்டால் மூச்சு நின்றுவிடும். எங்கள் தெருப் பையன் ஒருவன் இல்லத்திலிருந்து திரும்பிய அதே வாரம் உதடு நீலம் பாரித்துத் திண்ணையில் கிடந்தான். 108 சீக்கிரம் வந்ததால் பிழைத்தான்.

நாக்கடியில் வைக்கும் பியூப்ரினார்ஃபின் மாத்திரை வேறு வழி. இதுவும் ஓபியாய்டுதான், அதாவது அபின் போல வேலை செய்கிற மருந்து. ஆனால் ஓரளவுக்கு மேல் இதன் வேகம் ஏறாது, அதனால் மூச்சு அடங்கும் ஆபத்து குறைவு. (சாராயமோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால் அந்தப் பாதுகாப்பு போச்சு.) பழைய போதை இறங்கி, கொட்டாவி, மூக்கொழுகல், உடம்பு முறுக்கல் தொடங்கிய பிறகே முதல் மாத்திரை. அவசரப்பட்டுக் கொடுத்தால் மொத்த அவஸ்தையும் ஒரேயடியாக வந்துவிடும். பெஞ்சில் உட்கார்ந்து, நாக்கடியில் வைத்து, பத்து நிமிடம் பேசாமல் கரைய விட வேண்டும், விழுங்கினால் பலனில்லை. இதைக் கவனிக்கப் பயிற்சி பெற்ற ஒரு டாக்டரும் நர்ஸும் போதும். பிரான்சில் 1995 முதல் சாதாரண குடும்ப டாக்டர்களே எழுதிக் கொடுக்கிறார்கள். சில வருடங்களில் அங்கே ஓபியாய்டு சாவுகள் வெகுவாகக் குறைந்தன.

"ஒரு போதைக்கு இன்னொரு போதையா?" என்பார்கள். காலையில் வேலைக்குப் போகிறானா, கூலியை அம்மா கையில் கொடுக்கிறானா என்று பாருங்கள்.

இதே சிகிச்சைக்குத் தரும் இன்னொரு ஓபியாய்டான மெத்தடோன் பியூப்ரினார்ஃபினைவிட வலுவானது. தொடக்க நாட்களில் அளவு தவறினால் உயிருக்கே ஆபத்து என்பதால் அது போதை சிகிச்சை மையங்களில் இருப்பதே சரி. போதை ஏறாமல் தடுக்கும் நால்ட்ரெக்சோன் தொடங்க ஒரு வாரம், பத்து நாள் எந்த ஓபியாய்டும் தொடாமல் சுத்தமாக இருந்தாக வேண்டும். நிறையப் பேர் அங்கேயே சறுக்குகிறார்கள்.

நான் பியூப்ரினார்ஃபின் பக்கம்தான். ஆனால் வேதாரண்யத்துக்காரர் அதற்காகத் தஞ்சாவூருக்குப் பஸ் ஏறினால் அன்றைய கூலி போச்சு, நாலாவது தடவை வரமாட்டார். மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரை 2021 முதல் வீடு தேடி வருகிறது. பியூப்ரினார்ஃபின் வாசலுக்கு வர வேண்டாம், நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைத்தால் போதும். அதுவரை 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணுக்குப் போன் போட்டு, பக்கத்தில் எந்த மையம் என்று கேட்டு வையுங்கள்.