ஹெர்ஸ்பெர்க்கா, கராசெக்கா?

வேலை ஆளை எப்படிப் பாதிக்கிறது என்று ஆராய்ந்தவர்கள் ஹெர்ஸ்பெர்க்கும் கராசெக்கும். கோரிக்கைக்கு இவர்களில் யாரை எடுப்பது? தண்டையார்பேட்டையில் தொழிற்சங்கக் கூட்டத்துக்குக் குறிப்பு எழுதும் தம்பிகளுக்கு இந்தக் குழப்பம் அடிக்கடி வருகிறது.

யாரைப் பார்த்துச் சொன்னது?
ஹெர்ஸ்பெர்க், 1959: பொறியாளர்கள், கணக்காளர்கள்.
கராசெக், 1979: ஸ்வீடன், அமெரிக்காவின் பலதரப்பட்ட தொழிலாளர்கள்.

சாரம்?
ஹெர்ஸ்பெர்க்: சம்பளமும் சூழலும் கெட்டால் வெறுப்பு வரும், சரியானால் மட்டும் உற்சாகம் வந்துவிடாது.
கராசெக்: வேலை நெருக்கடி அதிகம், முடிவெடுக்கும் உரிமை குறைவு என்றால் ஆளை அரிக்கும்.

உடம்பு?
ஹெர்ஸ்பெர்க்கிடம் அதைத் தேடாதீர்கள்.
கராசெக்: சென்னைத் துறைமுகத்தின் ஜீரோ கேட் வரிசையில் நிற்கும் டிரெய்லர் டிரைவரிடம் கேளுங்கள். ஒன்றுக்குப் போக இறங்கினால் முன்னால் வண்டி நகர்ந்துவிடும், பின்னால் ஹாரன் அலறும். அடக்கிக்கொண்டே உட்கார்ந்திருப்பார், கழுத்து விறைத்துப்போகும். எப்போது உள்ளே விடுவார்கள் என்பது அவர் கையில் இல்லை. காசிமேட்டில் வலை பின்னுகிறவருக்கு வேலையின் வேகமாவது தன் கையில். ஆனால் குனிந்தே இருந்து வரும் இடுப்புவலிக்குக் கராசெக்கிடமும் பதில் இல்லை. 1979இல் அவர் அளந்தது மனநெருக்கடியை.

சுலபம்?
ஹெர்ஸ்பெர்க்: ஒரு டீ குடிக்கும் நேரத்தில் சொல்லிவிடலாம்.
கராசெக்: நெருக்கடி கூடவா குறைவா, உரிமை கூடவா குறைவா என்று நாலு கட்டம் போட்டுக் காட்டணும்.

கழிப்பறை, கூலி, மேஸ்திரியின் வாய் பற்றிய கோரிக்கை என்றால் ஹெர்ஸ்பெர்க் போதும். ஷிப்டு, காத்திருப்பு, ஓய்வு நேரம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு கராசெக்கை எடுங்கள்.